கோஸ்டா தெல் சோல் கடற்கரைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பெயினின் தென்கரையில் மலகா நகரை நடுவில் வைத்து, மேற்கே டொர்ரெமோலினோஸ், ஃபுவெங்கிரோலா, மார்பெயா என்றும் கிழக்கே நெர்ஹா வரையும் நீளும் கடற்கரைதான் கோஸ்டா தெல் சோல். லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மொழியை நினைத்துத்தான் கவலைப்படுகிறார்கள். செல்போனில் செயலி ஒன்றை இறக்கி, சில வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். என்னைக் கேட்டால் மொழி இரண்டாம் பட்சம். சுற்றுலா ஊர்களில் ஆங்கிலம் ஓரளவு செல்லும், கையைக் காட்டியும் காரியம் முடியும். அந்த ஊரின் நேரம் பிடிபடவில்லை என்றால்தான் விடுமுறையில் பாதி வீணாகும். பசிக்கும் வேளையில் அடுப்பு அணைந்திருக்கும், மருந்து வாங்கப் போனால் கடை பூட்டியிருக்கும், வெயில் தாழ்ந்துவிட்டது என்று மணலில் உட்கார்ந்தால் தோல் உரிந்துபோகும்.

கடிகாரத்தை நம்பி வெயிலில் இறங்குவது

மலகா இருப்பது லண்டனுக்கும் மேற்கே. இயற்கையாகப் பார்த்தால் அங்கே லண்டன் நேரம்தான் இருக்க வேண்டும். 1940-இல் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைத்தார்கள், அதன் பிறகு அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறவே இல்லை. கோடையில் இன்னொரு மணி நேரம் கூடும். அதனால் ஜூலை மாதத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 2.20 வாக்கில். ஜூன் கடைசியில் பொழுது சாய்வது இரவு 9.40-க்கு.

உச்சி வெயில் வேண்டாம் என்று 12 மணிக்கு அறைக்குப் போய், சாப்பிட்டுவிட்டு 3 மணிக்குக் குழந்தைகளோடு கடலுக்குத் திரும்புகிறவர்கள் சரியாக உச்சி வெயிலில்தான் வந்து இறங்குகிறார்கள். காலையில் 10-இலிருந்து 12.30 வரை, பிறகு மாலை 6 மணிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் குடும்பங்கள் மாலை 8 மணிக்கும் தண்ணீரில் நிற்பதைப் பார்ப்பீர்கள். குழந்தைகள் இரவு 11 மணிக்குச் சதுக்கத்தில் பந்து உதைத்துக்கொண்டிருப்பதும் அங்கே சாதாரணம். நம் பிள்ளைகளையும் அந்த ஒரு வாரம் மதியம் தூங்கவைத்து, இரவில் விழித்திருக்க விடுவதே நல்லது.

பசித்தபோது சாப்பிடலாம் என்று நினைப்பது

மதிய உணவு 1.30-க்கு மேல் தொடங்கி 4 மணி வரை நடக்கும். அதன்பின் பெரும்பாலான உணவகங்களில் சமையலறை மூடிவிடும். கதவு திறந்திருக்கும், மேசை இருக்கும், காபியும் குளிர்பானமும் கிடைக்கும், சாப்பாடு மட்டும் கிடைக்காது. இரவுச் சாப்பாடு 8.30-க்கு முன் கிடைப்பது அரிது. உள்ளூர்க்காரர்கள் 9.30, 10 மணிக்குத்தான் உட்காருவார்கள். மாலை 6 மணிக்கு முழுச் சாப்பாடு போடும் இடங்களும் உண்டு, ஆனால் அவை முழுக்க வெளிநாட்டவருக்காகவே நடத்தப்படுபவை. சாப்பாடு பெரும்பாலும் சுமாராகவும் விலை கூடுதலாகவும் இருக்கும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள் கூட வந்தால் இந்த இடைவெளியை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். 5 மணிக்குப் பழமோ ரொட்டியோ கையில் இருக்கட்டும்.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. ‘மெனு தெல் தியா’ என்று வாசலில் எழுதிப்போட்டிருப்பார்கள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்போ காபியோ, ரொட்டி, ஒரு பானம் எல்லாம் சேர்த்து ஒரே விலை. பெரும்பாலும் வேலை நாட்களில் மதியம் மட்டும்தான் உண்டு. இரவு போய் அதைக் கேட்டால் இல்லை என்பார்கள்.

மலகாவின் பழைய மீனவர் குப்பங்களான பெத்ரெகலேஹோ, எல் பாலோ பகுதிகளில் கடற்கரை உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. மணல் நிரப்பிய ஒரு படகில் விறகை எரித்து, நாணல் குச்சியில் மத்தி மீன்களைக் கோத்து, நெருப்புக்கு அருகே மணலில் சாய்த்து நட்டுவைத்து வாட்டுகிறார்கள். எண்ணெய் கிடையாது, கல்லுப்பு மட்டும்தான். ‘எஸ்பெதோ’ என்று பெயர். மே முதல் ஆகஸ்ட் வரை மத்தி கொழுத்திருக்கும். அதைக் கையால்தான் சாப்பிட வேண்டும், முள்கரண்டியைத் தேடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை 2.30-க்குப் போய் இடம் கேட்டால் கிடைக்காது, 1.30-க்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். திங்கட்கிழமை மீன் வாங்குவதையும் தவிர்க்கலாம், வார இறுதியில் படகுகள் பொதுவாகக் கடலுக்குப் போவதில்லை.

அட்டவணையை மேலோட்டமாகப் படிப்பது

சின்னக் கடைகள் காலை 10 முதல் 2 வரை, பிறகு மாலை 5-க்கு மேல் 8.30 வரை திறந்திருக்கும். மலகாவின் அதாராசானாஸ் சந்தை மதியத்தோடு முடிந்துவிடும், ஞாயிறு கிடையாது. பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளும் பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். சுற்றுலாப் பகுதிகளில் கோடையில் விதிவிலக்கு உண்டென்றாலும், தங்கும் இடத்துக்கு அருகிலுள்ள கடை எப்படி என்று சனிக்கிழமையே பார்த்துக்கொள்ளுங்கள்.

பேருந்து அட்டவணையில் கிழமைகள் ஒற்றை எழுத்தில் இருக்கும். செவ்வாய்க்கும் புதனுக்கும் ஸ்பானியத்தில் ஒரே முதல் எழுத்து என்பதால், குழம்பாமல் இருக்கப் புதனுக்கு ‘எக்ஸ்’ போடுவார்கள். இதைப் பேருந்து ஓடாத நாள் என்று நினைத்துத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. இன்னொன்று, ‘லபோராப்லெஸ்’ என்றால் வேலை நாள், ‘ஃபெஸ்தீவோஸ்’ என்றால் பொது விடுமுறை நாள். ஆகஸ்ட் 15 அங்கேயும் பொது விடுமுறை, எந்தக் கிழமையில் வந்தாலும் விடுமுறைக்கான அட்டவணைப்படிதான் பேருந்து ஓடும். நெர்ஹாவுக்கு ரயில் இல்லை, பேருந்துதான். மலகாவிலிருந்து விமான நிலையம், டொர்ரெமோலினோஸ் வழியாக ஃபுவெங்கிரோலா போகும் சி-1 ரயில் 20 நிமிடத்துக்கு ஒன்று உண்டு. அந்தத் தடத்தில் டாக்சிக்குக் கொடுப்பது வீண் செலவு.

வணக்கம் சொல்லாமல் விஷயத்துக்கு வருவது

அந்த ஊரில் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளப்படுவது இதுதான். கடைக்குள் நுழைந்தால், லிஃப்டில் ஏறினால், மருந்துக்கடைக் காத்திருப்பில் உட்கார்ந்தால், முதலில் ஒரு வணக்கம். ‘புவெனோஸ் தியாஸ்’ மதியச் சாப்பாடு வரைக்கும் செல்லும். 1 மணிக்கும் அதையே சொல்வார்கள், ஏனென்றால் இன்னும் யாரும் சாப்பிடவில்லை. பிறகு இருட்டும்வரை ‘புவெனாஸ் தார்தெஸ்’, இருட்டியபின் ‘புவெனாஸ் நோச்சேஸ்’. நேரம் குழப்பினால் வெறும் ‘புவெனாஸ்’ போதும், எப்போதும் பொருந்தும். வணக்கம் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாலும் முகம் மலர்ந்து பதில் வரும். எடுத்த எடுப்பில் ‘டூ யு ஹேவ்’ என்று தொடங்கினால் அதே ஆளிடம் வறண்ட பதில்தான் கிடைக்கும்.

அடுத்தது வரிசை. மீன் கடையில், ரொட்டிக் கடையில், மருந்துக்கடையில் ஆட்கள் அங்கங்கே நிற்பார்கள், உட்கார்ந்திருப்பார்கள். வரிசையே இல்லை என்று நேராக முன்னால் போய்விடாதீர்கள். புதிதாக வருகிறவர் ‘கியென் எஸ் எல் ஊல்திமோ?’ என்று பொதுவாகக் கேட்பார், அதாவது கடைசி ஆள் யார் என்று. ஒருவர் கை தூக்குவார். அவருக்குப் பின் உங்கள் முறை. உங்களுக்குப் பின் வருகிறவர் கேட்டால் நீங்கள் கை தூக்க வேண்டும். இந்த ஒரு கேள்வி தெரிந்தால் போதும், யாரும் உங்களைத் தள்ளிவிட்டுப் போக மாட்டார்கள். வேறெந்த வாக்கியத்தையும்விட முதலில் இதைத்தான் பழகச் சொல்வேன்.

உணவகத்தில் பரிமாறுபவரை விரலைச் சொடுக்கியோ ‘ஸ்ஸ்’ என்றோ கூப்பிடக் கூடாது. லேசாகக் கையை உயர்த்தி ‘பெர்தோனா’ என்றால் வருவார். சாப்பிட்டு முடித்துப் பத்து நிமிடம் ஆகியும் பில் வரவில்லை என்றால் உங்களை மறந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. கேட்காமல் பில்லை வைப்பது அவர்கள் பார்வையில் எழுந்து போகச் சொல்வதற்குச் சமம். ‘லா குவென்டா, குவாந்தோ புவேதாஸ்’ என்று கேளுங்கள், ‘முடிகிறபோது பில் கொடுங்கள்’ என்ற தொனி அதில் இருக்கும். டிப்ஸ் கட்டாயமில்லை. சில்லறையை விட்டுவரலாம், நன்றாகக் கவனித்திருந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம்.

பரிமாறுகிற இளைஞர் உங்களிடமும் உங்கள் அப்பாவிடமும் ‘நீ’ போட்டுப் பேசுவார். அது அங்கே நட்பான பேச்சு, மனம் நோக வேண்டியதில்லை. ஆனால் வயதான ஸ்பானியரிடம் நீங்கள் பேசும்போது ‘உஸ்தெத்’ என்ற மரியாதை வடிவத்தில் தொடங்குவது நல்லது. வேண்டாமென்றால் அவரே சொல்லிவிடுவார்.

செயலியில் கற்ற ஸ்பானியம் காதில் விழுவதோடு ஒத்துப்போகவில்லை என்று பயப்படாதீர்கள். மலகா இருக்கும் ஆண்டலூசியா மாநிலத்துப் பேச்சில் சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’ பெரும்பாலும் தேய்ந்துபோகும். ‘தோஸ்’ என்பது ‘தோ’ ஆகும், ‘மாஸ் ஒ மேனோஸ்’ என்பது ‘மா ஒ மேனோ’ ஆகும். விலையோ நேரமோ சரியாகக் கேட்கவில்லை என்றால் தலையாட்டிவிடாமல், செல்போனையோ தாளையோ நீட்டி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதும்போது தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. குளியலறையில் ‘சி’ என்று போட்ட குழாயில் வருவது வெந்நீர். குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொல்வது

‘கார்னே’ (இறைச்சி) இல்லாமல் என்று கேட்டால் ஆட்டையும் மாட்டையும் மட்டும் விலக்கிவிட்டு, பன்றித் தொடைக்கறியான ஹமோனைத் தூவிக் கொண்டுவந்து வைப்பது அங்கே நடக்கும். கலவை சாலட்டில் சூரை மீன் இருக்கும். குளிர்ந்த தக்காளி சூப்பான சால்மொரேஹோவின் மேலே ஹமோனும் முட்டையும் இருக்கும். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: ‘நி கார்னே, நி பெஸ்காதோ, நி ஹமோன், நி அதூன்’, அதாவது இறைச்சி, மீன், ஹமோன், சூரை எதுவும் வேண்டாம் என்று. சைவர்கள் தைரியமாகக் கேட்கக்கூடியது ‘பெரென்ஹேனாஸ் கோன் மியேல் தே கான்யா’. மெல்லிய கத்தரிக்காய் வறுவல், மேலே கரும்புப் பாகு. அந்தப் பாகு நெர்ஹாவுக்கு மேலே இருக்கும் ஃப்ரிஹிலியானா என்ற மலைக்கிராமத்து ஆலையிலிருந்து வருகிறது. பாதாமும் பூண்டும் அரைத்து, திராட்சை போட்ட ‘அஹோப்லாங்கோ’ என்ற குளிர் சூப்பும் மலகாவில் பெயர்பெற்றது. வெயிலுக்கு அவ்வளவு இதம்.

காபியில் மலகாவுக்குத் தனிக் கணக்கு உண்டு. நம் டீக்கடையில் ஸ்ட்ராங், லைட் என்று கேட்பதுபோல அங்கே பால் அளவுக்குத் தக்கபடி பெயர்கள். ‘நூபே’ என்றால் டம்ளரின் அடியில் கொஞ்சம் காபி, மீதி பால். ‘சோம்ப்ரா’ அதைவிடச் சற்றுத் திடம். ‘மிதாத்’ பாதிக்குப் பாதி. இந்த வரிசை முழுவதையும் ஓட்டில் வரைந்து சுவரில் பதித்திருந்த கஃபே சென்ட்ரல் 2022-இல் மூடப்பட்டுவிட்டது, பெயர்கள் மட்டும் ஊரெங்கும் புழங்குகின்றன. வெறுமனே ‘காபி’ என்று கேட்காமல் இதில் ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள்.

மணலில் நடந்துகொள்வது

மேலாடையின்றி வெயில் காய்வது ஸ்பெயின் கடற்கரையில் சாதாரணம். உற்றுப் பார்ப்பதும், குடும்ப வீடியோ என்ற பெயரில் அவர்கள் பக்கம் கேமராவைத் திருப்புவதும் மிகவும் தவறு. நம் ஆண்கள் இதில் கண்டிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். மறுபக்கம், நம் பெண்கள் முழு உடையோடு கடலில் நின்றால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். நீச்சலுடையை மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெற்று மார்போடு நகர வீதியில் நடந்தால் அபராதம் விதிக்கும் விதி மலகா, பார்சலோனா போன்ற ஊர்களில் இருக்கிறது. விடிகாலையில் குடையை நட்டு இடம் பிடித்துவிட்டு அறைக்குப் போவதும் வேண்டாம், டொர்ரோக்ஸ் போன்ற ஊர்களில் காவலர்கள் எடுத்துப்போய்விடுவார்கள்.

மஞ்சள் கொடி என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ‘தெர்ரால்’ என்ற நிலக்காற்று அடிக்கும் நாளில் கரை கொதிக்கும், கடல் நீரோ நடுக்கும் அளவுக்குக் குளிரும். காற்று மேல்நீரைக் கடலுக்குள் தள்ள, அடியிலுள்ள குளிர்நீர் மேலே வருவதுதான் காரணம். வெக்கையில் சட்டென்று குதிக்காமல் மெல்ல இறங்குங்கள்.

கடையிலோ ஹோட்டலிலோ ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் சத்தம் போட வேண்டாம். ‘ஓஹா தே ரெக்லமாசியோனெஸ்’ என்று நிதானமாகக் கேளுங்கள். புகார்ப் படிவம் வைத்திருப்பது ஆண்டலூசியாவில் எல்லா வணிக இடங்களுக்கும் கட்டாயம். கேட்ட உடனே பல பில்கள் சரியாகிவிடும். காய்ச்சலுக்கான பாராசிட்டமால்கூட சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்காது, பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடைதான். அது பூட்டியிருந்தால் கதவில் ஒட்டிய தாளைப் பாருங்கள். அன்று முறைவைத்துத் திறந்திருக்கும் ‘ஃபார்மாசியா தே குவார்தியா’வின் முகவரி அதில் இருக்கும். அவசரம் என்றால் 112.