வட்டக்களரியில் நிலவு: ஒரு நவீன நடனத்தை அமைக்கும் முறை

வெள்ளிக் கடதாசியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ரெஜிபோமில் வெட்டிய ரொக்கெட்டும் வேண்டாம். விண்வெளி பற்றி ஓர் ஆட்டம் என்றதும் பாடசாலைக் கலைவிழாக்களுக்கு முதலில் வாங்கப்படுபவை இவைதான். மேடை நிறைந்துவிடும், பிள்ளைகள் ஆட இடம் இருக்காது.

நான் மட்டக்களப்புக் கல்லடியில் நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். பரதம் படித்தவள், கூத்துப் பார்த்து வளர்ந்தவள். நிலவையும் விண்வெளிப் பயணத்தையும் வைத்து நவீன நடனம் ஒன்றை அமைக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கும் இதை எழுதுகிறேன். செலவு குறைவு, முழங்கால் வலி கூடுதல்.

நிலவைப் பெண்ணின் முகமாகவும் காதலுக்குச் சாட்சியாகவும் காட்டும் அபிநயங்களையும் ஒரு பக்கம் வையுங்கள். சந்திரகலை முத்திரையைப் பிடித்தால் சபைக்கு உடனே விளங்கிவிடும், அதற்குமேல் பார்க்க ஒன்றும் இருக்காது. நமக்கு வேண்டியது மனிதர் போய் இறங்கிய நிலவு. காற்றில்லை, ஓசையில்லை, காலுக்குக் கீழே கல்லும் தூசியும், உடம்பின் பாரம் பூமியில் இருப்பதில் ஆறில் ஒன்று. ஆடுகிறவருக்கு இதில் முதன்மையானது பாரம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பாரத்தை ஏற்றி, பிறகு இறக்குங்கள்

“நிலவில் நடந்து காட்டு” என்று பிள்ளைகளிடம் சொன்னால் எல்லோரும் கையையும் காலையும் மிக மெதுவாக அசைப்பார்கள். அது பிழை. அமெரிக்காவின் அப்பலோ 16 நிலவுப் பயணத்தில், 1972 ஏப்ரலில், ஜோன் யங் கொடிக்கு முன்னால் துள்ளிக்கொண்டே சல்யூட் அடித்த காட்சிப் பதிவு இணையத்தில் இருக்கிறது. அதைப் போட்டுக் காட்டுங்கள். அவர் தரையை விட்டு எழும்பித் திரும்ப இறங்க ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகிறது. ஆனால் நெற்றிக்குப் போகும் கை சோம்பிப் போகவில்லை. நிலவில் விழுவதுதான் மெதுவாக நடக்கிறது, தசையின் வேலை மெதுவாவதில்லை. பிள்ளைகள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கணக்கைச் சொல்கிறேன். பூமியில் ஒரு பிள்ளை 30 சென்ரிமீற்றர் துள்ளினால் அரை விநாடியில் கீழே வந்துவிடும். அதே வேகத்தில் நிலவில் எழும்பினால் மூன்று விநாடி மேலே இருக்கும். கல்லடியில் யாராலும் மூன்று விநாடி அந்தரத்தில் நிற்க முடியாது. ஆகவே சபையின் கண்ணை ஏமாற்றத்தான் வேண்டும்.

முதல் வழி, பாரத்தை முன்கூட்டியே காட்டிவிடுவது. எங்கள் பக்கத்து வடமோடிக் கூத்தில் அரசனுக்குக் கரப்புடுப்பு என்ற விரிந்த பாரமான உடுப்பும் முடியும் பூட்டி, அந்தச் சுமையோடு வரவு, அதாவது களத்துக்குள் நுழையும் ஆட்டம், ஆட விடுகிறோம். அப்பலோ வீரர்களுக்கும் அதே கதைதான். அவர்களுடைய உடுப்பு முதுகுச் சாதனத்தோடு பூமியில் 80 கிலோகிராமுக்கு மேல், நிலவில் 14 கிலோகிராம் சுமப்பது போலத்தான். ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு பிள்ளையின் முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையைச் சேலைத்துண்டால் இறுக்கிக் கட்டிப் பொடியடி என்ற கூத்து அடியைப் போட விடுங்கள். சின்னப் பிள்ளை என்றால் இரண்டு கிலோ போதும். மூச்சு வாங்குவது சபைக்குக் கேட்க வேண்டும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு பிள்ளை பின்னால் வந்து, முடிச்சை இழுத்து, பையைத் தாங்கி எடுத்துவிட வேண்டும். அடுத்த அடி பிள்ளையைக் கேளாமலே உயரும். முகத்தில் ஒரு திகைப்பு வரும். அதைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது. ஆகவே ஒத்திகைகளில் பையை அடிக்கடி அவிழ்த்துப் பழக்கிக் கெடுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது வழி, தாங்கல். கறுப்பு உடுப்பில் இரண்டு பேர் துள்ளுகிறவரின் இரு பக்கமும் நிற்பார்கள். உள்ளங்கை அக்குளுக்குக் கீழே, பெருவிரல் முன்னால். அவர்கள் தூக்கக் கூடாது. தூக்கினால் மூட்டை ஏற்றுவது தெரிந்துவிடும். துள்ளுகிறவர் தன் காலாலேயே எழும்பி உச்சிக்கு வரும் கணத்தில் கை கொடுத்து, இறங்குவதை மட்டும் தாமதப்படுத்த வேண்டும். “தா” என்றதும் எழும்பல், “கி” என்றதும் பிடி, பிறகு ஒரு முழுத் “தகதிமி” முடியும் வரை இறக்கம். இறக்கும்போது தாங்குகிறவர்களின் முழங்கால் மடிய வேண்டும், முதுகு வளையக் கூடாது. எங்கள் ஊரில் இதைப் பெண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகளையே வைத்துச் செய்வது நல்லது. கலைக்கு அது ஒரு குறையும் செய்யாது, பெற்றோரின் தொலைபேசி அழைப்புகளும் வராது.

பலர் விட்டுவிடும் விடயம் ஒன்று உண்டு. நிலவில் நிறைதான், அதாவது உடம்பின் பாரம்தான், குறைகிறது; திணிவு, அதாவது உடம்பில் உள்ள பொருளின் அளவு, குறைவதில்லை. விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகள் இதை மனனம் செய்திருப்பார்கள், உடம்புக்குத் தெரியாது. அங்கே ஓடி வருகிறவருக்குக் கால் தரையில் அவ்வளவாகப் பிடிக்காது, உடம்போ முன்னால் தள்ளிக்கொண்டே போகும். நிற்க நினைக்கும் இடத்துக்கு மூன்று நான்கு அடி முன்னதாகவே பின்னால் சாய வேண்டும். பாய்ச்சலில் வந்து, தாளக்கட்டு முடியும் இடத்தில் பட்டென்று நின்று பழகிய பிள்ளைகளுக்கு இது பெரும் பாடு. கூத்தாடுகிற குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கோபித்துக்கொண்டாள்.

“தாளம் முடிந்துவிட்டது ரீச்சர், நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேனே?”

“போ பிள்ளை. பூமியில்தான் முடிந்தது.”

விழுவதையும் சேருங்கள். நிலவில் விழுந்தவர்கள் பலர். 1972 டிசம்பரில் போன அப்பலோ 17தான் மனிதர் கடைசியாக நிலவில் இறங்கிய பயணம். அதில் சென்ற ஹரிசன் ஷ்மிற் கல் பொறுக்கப் போய்க் குப்புற விழுந்த பதிவு பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். விழுந்து பழகக் கடற்கரை மணல் நல்லது, துள்ளிப் பழக அது உதவாது. சீமெந்துத் தரையில் பன்பாய் விரித்து ஆட விடவே கூடாது, பாய் வழுக்கும். பழைய ரப்பர் விரிப்பு கிடைத்தால் அதைப் போடுங்கள், கிடைக்காவிட்டால் வெறுந்தரையில் துள்ளலைக் குறையுங்கள்.

மத்தளமும் மௌனமும்

பதிவு செய்த இசையை வைக்கலாம்தான். நான் மத்தளத்தை வைக்கச் சொல்வேன். கூத்துப் பழக்கி மத்தளம் அடிக்கும் அண்ணாவியார் ஒருவரைப் பிடியுங்கள். “நிலவுக் கூத்தா?” என்று முதலில் சிரிப்பார். கணக்கைச் சொன்னதும் நிமிர்ந்து உட்காருவார்.

நிலவு பூமியிலிருந்து சராசரி 384,400 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. இங்கிருந்து கேட்கும் கேள்வி வானொலி அலையாய் அங்கே போய், பதில் திரும்பி வர 2.6 விநாடி வேண்டும். நிமிடத்துக்கு 92 தட்டு என்ற நடையில் நான்கு தட்டு போனால் சரியாக அவ்வளவு நேரம். இரண்டு மத்தளங்களைக் களரியின், அதாவது கூத்தாடும் வட்டத்தின், இரண்டு முனைகளில் வையுங்கள். ஒன்று பூமி, மற்றது நிலவு. பூமி மத்தளம் ஒரு சொற்கட்டைக் கேள்வியாக வாசித்துவிட்டு நிறுத்த, நான்கு தட்டு வெறுமையாகப் போன பிறகுதான் நிலவு மத்தளம் பதில் சொல்ல வேண்டும். அந்த நான்கு தட்டிலும் ஆடுகிறவர்கள் அசையாமல் காத்திருக்க வேண்டும். கை தட்டி எண்ணக் கூடாது. சபை பொறுமை இழக்கத் தொடங்கும். இழக்கட்டும், அதற்காகத்தான் வைத்திருக்கிறோம்.

ஒரு பகுதியை முழு மௌனத்துக்கு ஒதுக்குங்கள். 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ரோங்கும் ஓல்ட்ரினும் கீழே இறங்கியபோது மைக்கல் கொலின்ஸ் மட்டும் தாய்க்கலத்தில் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் மறுபக்கம் போனதும் 48 நிமிடம் அளவுக்கு எந்தக் குரலும் அவரை எட்டாது. இதைத் தனியாட்டமாக்கினால் சதங்கையைக் கழற்றிவிடுங்கள். உங்களுடைய மிகச் சிறந்த ஆட்டக்காரியைப் போடாதீர்கள், தனியே இருக்கத் தெரிந்த பிள்ளையைப் போடுங்கள். வகுப்பில் எப்போதும் அப்படி ஒன்று இருக்கும்.

சுற்றும் முறை

இந்த ஆட்டத்துக்கு மூன்று பக்கமும் அடைத்த மேடையைவிட வட்டக்களரியே பொருத்தம். நிலவு நமக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. 27.3 நாளில் பூமியை ஒரு தடவை சுற்றி, அதே 27.3 நாளில் தன்னையும் ஒரு தடவை சுற்றிக்கொள்வதுதான் காரணம். இரண்டாம் மத்தளம் முனையில் நிற்க, இந்தப் பகுதிக்கு மட்டும் அண்ணாவியாரைப் பூமியாக நடுவே கொண்டு வாருங்கள். நிலவான பிள்ளை அவரையே பார்த்தபடி பக்கவாட்டு அடியில் வட்டமாகப் போகட்டும். “நான் என்னைச் சுற்றவே இல்லையே” என்று பிள்ளை நிச்சயம் வாதாடும். வாதாடாதீர்கள். கால் வட்டத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும் கேளுங்கள். கடல், கோயில், வாவி, வீதி. நான்காவது பதிலைச் சொல்லும்போதே முகம் மாறும். களரியைச் சுற்றி இருக்கும் சனங்களுக்கு அந்தப் பிள்ளையின் முதுகுதான் கிடைக்கும். அண்ணாவியாருக்கு மட்டும்தான் முகம்.

கூட்டமாக ஆடுவதற்கு இந்தியாவின் சந்திரயான் 3 கலம் நிலவில் இறங்கிய விதத்தை எடுக்கலாம். 2023 ஓகஸ்ட் 23 அன்று அது 30 கிலோமீற்றர் உயரத்திலிருந்து தரை தொட ஏறத்தாழ 19 நிமிடம் எடுத்தது. தொடக்கத்தில் அதன் வேகம் விநாடிக்கு 1.68 கிலோமீற்றர், அதுவும் பெரும்பாலும் பக்கவாட்டு வேகம். ஆகவே நேரே மேலிருந்து கீழே இறங்குவதாகக் காட்டினால் தவறு. பிள்ளைகள் வட்டத்தில் படுவேகமாக ஓடி, சிறிது சிறிதாக ஓட்டத்தை அடக்கி, உடம்பை நிமிர்த்தி, ஒரு கணம் ஒற்றைக் காலில் தரித்து, பிறகுதான் குந்த வேண்டும். நான்கு பேரை ஒன்றாக இறக்கினால் நான்கு கால்கொண்ட கலம் கிடைக்கும். அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஒரு உற்சாகம். 2019இல் சந்திரயான் 2இன் இறங்குகலம் தரை தொடும் முன் தொடர்பு அறுந்து போனதையும் சொல்லுங்கள். முதல் இறக்கத்தைப் பாதியில் அறுத்துவிட்டு, இரண்டாம் தடவை முழுமையாக ஆடலாம்.

நிலவில் நடந்த 12 பேரும் ஆண்கள். என் வகுப்பிலோ முக்கால்வாசி பெண் பிள்ளைகள். ஒரு காலத்தில் கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள், ஆகவே கணக்குத் தீர்ந்தது என்று வைத்துக்கொண்டு யாரை வேண்டுமானாலும் யாராகவும் போடுங்கள்.

வெளிச்சம், உடுப்பு, நாள்

புகை இயந்திரத்தை வாடகைக்கு எடுக்காதீர்கள். புகை மிதக்கக் காற்று வேண்டும். நிலவில் காலால் உதைத்த தூசி வளைந்து போய் அப்படியே விழும், மிதக்காது. முகப்பவுடரைத் தூவும் யோசனையும் இதே காரணத்தால் தள்ளுபடி, வழுக்குவது வேறு. நிழல் விளிம்பு கூராக விழ, ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் இடுப்பளவு உயரத்தில் வையுங்கள். நிறவிளக்குகள் வேண்டாம். உடுப்பு வெள்ளையாக இருக்கத் தேவையில்லை. கண்ணுக்குப் பளீரென்று தெரிந்தாலும் நிலவுத் தரை தன்மேல் விழும் ஒளியில் 12 சதவீதம் அளவைத்தான் திருப்பி அனுப்புகிறது, பழைய தார் வீதியின் நிறம். பருத்தி வேட்டியைச் சாம்பல் நிறச் சாயத்தில் தோய்த்துத் தைத்தால் போதும்.

பூரணை நிலவின் வெளிச்சத்திலேயே ஆடினால் என்ன என்று யாராவது கேட்பார்கள். அது சூரிய ஒளியில் ஏறத்தாழ நான்கு இலட்சத்தில் ஒரு பங்கு. முகம் தெரியாது. விளக்கை வையுங்கள்.

நாள் குறிப்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பூரணை நாளான போயா தினத்தில் வைக்காதீர்கள், மறுநாள் வையுங்கள். போயாவன்று கோயில்களின் ஒலிபெருக்கிகளோடு உங்கள் மௌனம் போட்டி போட முடியாது. அதோடு பூரணையன்று நிலவு ஏறத்தாழ சூரியன் மறையும் நேரத்தில் உதிப்பதால் வானம் இன்னும் வெளுப்பாக இருக்கும். மறுநாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி, ஏழு மணியளவில், இருட்டிய கடலிலிருந்து செம்மஞ்சளாக எழும்பும். நேரத்தை முன்கூட்டியே பார்த்துக் களரியைக் கடற்கரையில் போடுங்கள். மாசியும் பங்குனியும் நல்ல மாதங்கள். கார்த்திகை முதல் தை வரை மழை, ஆனி ஆடியில் கச்சான் என்ற தென்மேல் காற்று மணலை அள்ளிக் கண்ணில் போடும். ஒலிபெருக்கிக்கு அனுமதி எடுக்கப் பொலிசுக்குப் போக வேண்டும், அதைக் கடைசி வாரத்துக்கு வைக்க வேண்டாம்.

முகில் மூடினால் காத்திருக்காதீர்கள். நேரம் போகப் போகக் கடலின் ஈரக் காற்றில் மத்தளத் தோல் தளரும், பிள்ளைகளின் உடம்பு குளிரும், அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிலவைப் பற்றிக் கவிதை சொல்லத் தொடங்கிவிடுவார். சொன்ன நேரத்துக்கு அரிசிப் பையைக் கட்டி முதல் பிள்ளையை இறக்கிவிடுங்கள்.