முதல் குழு பைக் பயணம்: மலையிலும் கடற்கரையிலும் பதறாமல் ஓட்டுவது எப்படி?

தனியாக நன்றாக ஓட்டுவீர்கள், ஆனால் குழுவோடு போனதில்லை. வழிகாட்டி முன்னால் போக, பத்துப் பன்னிரண்டு வண்டிகள் மலையேறிக் கடற்கரையில் இறங்கும் ஒரு பயணத்தில் சேரலாமா என்று யோசிக்கிறீர்கள். இந்தப் பதிவு உங்களுக்குத்தான். கிளட்ச் பிடிப்பது, கியர் மாற்றுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

நல்ல ஓட்டுநர்கள்கூடக் குழுவில் சேர்ந்ததும் திணறுகிறார்கள். முன்னால் போகும் வண்டியைக் கண்ணிலிருந்து விட்டுவிடக் கூடாது என்ற பதற்றம்தான் காரணம். ஒழுங்காக நடத்தப்படும் பயணத்தில் யாரையும் துரத்திப் பிடிக்க வேண்டிய தேவையே வராது. அது எப்படி என்பதைத்தான் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள்

பயணத்தை நடத்துபவரிடம் முதல் கேள்வி: வரிசையின் கடைசியில் உங்கள் ஆள் ஒருவர் வருகிறாரா? முன்னால் வழிகாட்டி இருப்பதைவிடக் கடைசியில் அனுபவசாலி ஒருவர் வருவதுதான் முக்கியம். பஞ்சர் ஆனாலும், விழுந்தாலும், பயந்து நின்றாலும் உங்களிடம் வந்து சேரப்போவது அவர்தான். இல்லை என்று பதில் வந்தால் அந்தப் பயணமே வேண்டாம்.

இரண்டாவது: சந்திப்புகளில் வழி தவறாமல் இருக்க என்ன ஏற்பாடு? பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஐந்தாம் படியில் விவரிக்கிறேன்.

மூன்றாவது: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வண்டியில் இருப்போம்? கிலோமீட்டரைக் கேட்டுப் பயனில்லை. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோடு சுமார் 240 கிலோமீட்டர்தான். ஆனால் கடலைப் பார்க்க நிற்கும் இடங்களிலேயே நாள் ஓடிவிடும். சமவெளியில் மூன்று மணி நேரத்தில் முடியும் தூரம் இப்படிப்பட்ட சாலைகளில் முழு நாளையும் விழுங்கும்.

வெளிநாட்டில் ஓட்டுவதானால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியில் மோட்டார் சைக்கிள் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கார் பிரிவு மட்டும் இருந்தால் செல்லாது. 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி கொடுக்கப்படும் அனுமதி ஓராண்டுக்குத்தான். பயணக் காப்பீட்டில் பைக் அடங்குமா, எத்தனை சிசி வரை அடங்கும் என்பதையும் படியுங்கள். பல காப்பீடுகள் சிறிய எஞ்சினோடு நின்றுவிடும்.

படி 2: வண்டியும் உடையும்

வாடகைக்குப் பல வண்டிகள் இருந்தால், ஆசைப்படுவதைவிட ஒரு படி சிறியதை எடுங்கள். இரண்டு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். மலைச்சாலையில் குதிரைசக்தியைவிடக் குறைந்த எடைதான் உதவும். சாமான் வைக்கப் பெட்டிகளைவிட எனக்குத் துணிப்பைகள்தான் பிடிக்கும். அலுமினியப் பெட்டிகள் வண்டியை அகலமாக்கும், விழும்போது காலை நசுக்கும்.

ஜாக்கெட்டில் தோளுக்கும் முழங்கைக்கும் வைக்கும் தடுப்பில் ஈஎன் 1621 என்ற தரக்குறியைத் தேடுங்கள். நிலை 2 உள்ளதை எடுங்கள், அடியைக் குறைவாகவே உடம்புக்குக் கடத்தும்.

குளிரைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். கடற்கரையில் 30 டிகிரி இருக்கும் நாளில் 2,500 மீட்டர் கணவாயில் 14 டிகிரிதான் இருக்கும். ஓடும் காற்றில் அது இன்னும் கடுமையாக உறைக்கும், விறைத்த விரல்களால் பிரேக்கை அளவாகப் பிடிக்க முடியாது. மழை உடையையும் இரண்டாவது ஜோடிக் கையுறையையும் பையின் மேல்பக்கமாக வையுங்கள்.

படி 3: காலைக் கூட்டமும் கைச்சைகைகளும்

புறப்படும் முன் வழிகாட்டி பேசுவதைக் கவனமாகக் கேளுங்கள். சைகைகள் ஊருக்கு ஊர் சற்று மாறும், ஆகவே அவர் காட்டுவதே சட்டம். பொதுவாக, ஒரு விரலை உயர்த்தினால் ஒற்றை வரிசை, இரண்டு விரல் என்றால் மாற்று வரிசை, அதாவது தடத்தின் இரு பக்கமும் மாறி மாறிப் போவது. கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பெட்ரோல் டாங்கைத் தொட்டுக் காட்டினால் எரிபொருள் வேண்டும். குழி, கல், மணல் இருந்தால் கையால் அல்லது காலால் அந்தப் பக்கம் சுட்டுவார்கள். உங்களுக்கு முன்னால் இருப்பவர் காட்டியதை நீங்களும் காட்ட வேண்டும். அப்போதுதான் அது கடைசி ஆள் வரை போய்ச் சேரும்.

படி 4: வரிசை

நேரான, அகலமான சாலையில் மாற்று வரிசை. முதல் வண்டி தன் தடத்தில் சாலையின் நடுக்கோட்டை ஒட்டிப் போகும், இரண்டாவது ஓரத்தை ஒட்டி, மூன்றாவது மறுபடி நடுக்கோட்டை ஒட்டி. குறுக்காக உள்ள வண்டிக்கு ஒரு விநாடி இடைவெளி, உங்களுக்கு நேர் முன்னால் உள்ள வண்டிக்கு இரண்டு விநாடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி என்பது கிட்டத்தட்ட 17 மீட்டர். முன் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டும்போது எண்ணத் தொடங்குங்கள், மனக்கணக்கு தேவையில்லை.

வளைவு தொடங்கியதும், பனிமூட்டத்திலும், பக்கக் காற்றிலும் ஒற்றை வரிசை. சாலையின் முழுத் தடமும் உங்களுக்கு வேண்டும்.

படி 5: முனைக்கு ஒருவர்

எல்லாம் தங்கியிருப்பது இந்த ஏற்பாட்டில்தான். வழிகாட்டி ஒரு சந்திப்பை அடைந்ததும் தனக்கு உடனே பின்னால் வருகிறவரைப் பார்த்து ஓர் இடத்தைச் சுட்டுவார். அவர் அங்கே பாதுகாப்பாக ஓரம் கட்டி, திரும்ப வேண்டிய திசையைக் காட்டிக்கொண்டு நிற்பார். மற்ற எல்லோரும் அவரைப் பார்த்துத் திரும்பிப் போவார்கள். கடைசி ஆள் வந்ததும், நின்றவர் அவருக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். அடுத்த சந்திப்பில் இப்போது இரண்டாவதாக இருப்பவர் நிற்பார். இப்படியே எல்லோரும் சுழன்று வருவார்கள்.

இதன் அழகைக் கவனியுங்கள். நீங்கள் எவ்வளவு மெதுவாக வந்தாலும் திரும்ப வேண்டிய இடத்தில் ஒருவர் உங்களுக்காக நிற்கிறார். யாரும் நிற்காத சந்திப்பில் நேராகப் போனால் போதும். முன் வண்டி கண்ணில் படவே இல்லை என்றாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

நிற்கும்போது எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். திருப்பத்துக்குள் நுழைந்து நின்றால் பின்னால் வருபவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டீர்கள், தாண்டிப் போய்விடுவார்கள். திருப்பத்துக்குச் சற்று முன்பே, தூரத்திலிருந்து தெரியும்படி நில்லுங்கள். இண்டிகேட்டரைத் திரும்பும் பக்கம் எரியவிடுங்கள். வண்டியை விட்டு இறங்கிக் கடல் பக்கம் படம் எடுக்கப் போய்விடாதீர்கள்.

*பின்னர் சேர்த்தது:* "இருபது நிமிடம் நின்றேன், யாரும் வரவில்லை, கிளம்பிவிட்டேன்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். கிளம்பக் கூடாது. பின்னால் யாருக்கோ பஞ்சர் ஆகியிருக்கும், கடைசி ஆள் அவரோடு நிற்பார். நீங்கள் போய்விட்டால் அந்த இருவருக்கும் வழி தெரியாது. கடைசி ஆள் வரும் வரை அல்லது வழிகாட்டியே திரும்பி வரும் வரை அந்த இடம் உங்களுடையது. எத்தனை நிமிடம் கழித்து வழிகாட்டி திரும்பி வருவார் என்பதைக் காலைக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள், காத்திருப்பது எளிதாகிவிடும்.

படி 6: கொண்டை ஊசி வளைவு

எனக்குக் கடைசியாகக் கைவந்தது இதுதான். அதனால் இங்கே சற்று நின்று பேசுகிறேன்.

எல்லாக் கொண்டை ஊசியும் ஒன்றல்ல. ஏறும்போது உள்வட்டத்தில் திரும்ப வேண்டியதுதான் கடினம். இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் அது இடது வளைவு, வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் வலது வளைவு. வெளிவட்டத்தில் இடம் தாராளமாக இருக்கும். உள்வட்டத்திலோ அதே உயரத்தைக் குறைந்த தூரத்தில் ஏற வேண்டியிருப்பதால் சாலை செங்குத்தாக நிற்கும்.

குழுவில் நடப்பது இதுதான். முன்னால் போகிறவர் வளைவின் நடுவில் தயங்குகிறார். ஒட்டி வருகிறவர் முன் பிரேக்கைத் தொடுகிறார். ஹேண்டில் முழுக்கத் திரும்பியிருக்கிறது, வண்டி மூன்றாவது கியரில் இருக்கிறது. எஞ்சின் இரண்டு முறை உதறிவிட்டு நின்றுவிடுகிறது. வண்டி உள்பக்கம் சாய, ஊன்றுவதற்குக் காலை நீட்டுகிறார். அங்கே தரை கிடைப்பதில்லை, ஏனென்றால் சாலை அந்தப் பக்கம் கீழே இறங்கியிருக்கிறது. ஒரு சாண் பள்ளம்தான், இருநூறு கிலோ வண்டி கவிழ அது போதும்.

இதைத் தவிர்க்கும் வழி வளைவுக்கு முன்பே தொடங்குகிறது. முன் வண்டி வளைவை முடித்து மேல்சாலைக்குப் போகும் வரை கீழேயே மெதுவாக வாருங்கள். தேவையானால் முழுவதும் நின்றுவிடுங்கள். வளைவுக்குள் ஒரே நேரத்தில் ஒரு வண்டிதான். முதல் அல்லது இரண்டாவது கியருக்கு நேரான பகுதியிலேயே மாற்றிவிடுங்கள். உள்ஓரத்தை ஒட்டி நுழையாதீர்கள். எதிரில் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, உங்கள் தடத்தின் வெளிவிளிம்பிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். ஆக்சிலேட்டரைச் சீராகப் பிடித்துக்கொண்டு, வேகம் கூடினால் பின் பிரேக்கால் மட்டும் இழுத்துப் பிடியுங்கள். முன் பிரேக்கில் விரல் வேண்டாம்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது: தலை. கண்ணை மட்டும் திருப்பினால் போதாது, மோவாய் தோளுக்கு நேராக வரும்வரை தலையைத் திருப்பி, வளைவு முடிந்து சாலை மேலே போகும் இடத்தைப் பாருங்கள். பார்வை போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும். முன் வண்டியின் பின்விளக்கைப் பார்த்தால் அதன் மீதே போய் மோதுவீர்கள். யாருமில்லாத மைதானத்தில் எட்டுப் போட்டு இந்தத் தலைத் திருப்பலைப் பழகுங்கள். பயணத்துக்கு முன் வேறு எந்தப் பயிற்சியும் இவ்வளவு பலன் தராது என்பது என் உறுதியான கருத்து.

வளைவு முடிந்ததும் முன்னவர் காணாமல் போயிருப்பார். அதற்கு உங்கள் வேகம் காரணமல்ல. நீங்கள் 15 கிலோமீட்டர் வேகத்தில் வளைந்துகொண்டிருக்கும்போதே அவர் நேர்சாலையில் 50-ஐத் தொட்டுவிட்டார். ஒவ்வொரு வளைவிலும் இடைவெளி இப்படித் தானாகவே விரியும், கடைசி வண்டிகளுக்கு அதிகமாக விரியும். அதை மூட முயல்வதுதான் ஆபத்து. முனையில் ஒருவர் நிற்கிறார், நினைவிருக்கட்டும்.

படி 7: இறக்கம்

எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கையே நம்பி இறங்கினால் டிஸ்க் சூடாகி, அந்தச் சூடு பிரேக் எண்ணெயைக் கொதிக்க வைக்கும். லீவர் கைப்பிடி வரை மெத்தென்று வரும், வண்டி நிற்காது. டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்க வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியபின் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். சொந்த வண்டியில் போகிறவர்கள் மலைப் பயணத்துக்கு முன் எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

படி 8: கடற்கரைச் சாலை

மலை முடிந்தது, இனி சுலபம் என்று தோன்றும். இங்கே கவனிக்க வேண்டியது காற்று. வெயிலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து காற்று உள்ளே வீசத் தொடங்கும், பிற்பகலில் பலமாகும். கடலோரப் பகுதியைக் காலையில் முடிக்கும் வழிகாட்டியை நான் மதிப்பேன். பக்கக் காற்றில் முழங்காலால் டாங்கை அணைத்துக்கொண்டு கைகளைத் தளர்வாக வையுங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் உங்கள் உடம்பின் ஆட்டம் வண்டிக்குப் போகும். காற்றை எதிர்த்துச் சாய்ந்து போகும்போது ஒரு பாறை காற்றை மறைத்தால், வண்டி சட்டென்று கடல் பக்கம் நகரும். பாறை தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சுரங்கப்பாதை வாயிலிலும் காற்றின் இந்தத் திடீர் மாற்றத்தை எதிர்பார்த்திருங்கள்.

வளைவுகளில் மணல் படிந்திருக்கும். அதன்மேல் பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம். முன்பே வேகத்தைக் குறைத்து நேராகக் கடந்துவிடுங்கள். கடலைப் பார்க்க ஆசை வந்தால் நிறுத்திப் பாருங்கள், ஓட்டிக்கொண்டே பார்க்காதீர்கள்.

மாலையில் தங்குமிடத்தில் நல்ல தண்ணீரால் வண்டியைக் கழுவி உப்பைப் போக்குங்கள். அழுத்தமாகப் பீய்ச்ச வேண்டாம். செயின் காய்ந்ததும் எண்ணெய் போடுங்கள்.

வாசகர் கேட்டவை

ஹெல்மெட்டில் மாட்டி ஒருவரோடொருவர் பேசும் இன்டர்காம் அவசியமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வாங்குவதானால், கருவிகள் ஒன்றோடொன்று வலைபோல இணையும் மெஷ் வகையை வாங்குங்கள். ஒருவர் தொலைவுக்குப் போய்த் திரும்பினாலும் இணைப்பு தானாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் மலை மறைத்தால் அதுவும் அறுந்துவிடும், ஆகவே கைச்சைகைகளைக் கைவிடாதீர்கள். கொண்டை ஊசிப் பகுதியில் யாரும் பேசக் கூடாது என்று குழுவில் முடிவு செய்துகொள்வது நல்லது.

பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு வரலாமா என்றும் கேள்வி. முதல் குழுப் பயணத்தில் வேண்டாம் என்பேன். அழைத்து வந்தே ஆக வேண்டும் என்றால் பின் ஸ்ப்ரிங்கை எடைக்கு ஏற்ப இறுக்கி, டயர் காற்றை கையேட்டில் இருவருக்கென்று போட்டிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். வளைவில் உங்கள் தோளுக்கு மேலாக, திரும்பும் பக்கமே பார்க்கும்படி அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி ஆளிடமும் தகவல் சொல்லுங்கள். ஏற்றத்தில் நீங்கள் நின்றுவிட்டால், பின்னால் இருப்பவர் இறங்கும்போது வண்டியைப் பிடித்துக்கொள்ள அவர் தயாராக வருவார்.