காட்டுயிர் ஆய்வாளர் ஆக: பட்டம் பாதி, நோட்டு பாதி

பி.எஸ்சி. விலங்கியலோ தாவரவியலோ முடித்து, எம்.எஸ்சி. காட்டுயிர் உயிரியல் படிப்பது வழக்கமான பாதை. தமிழ்நாட்டில் மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் இது இருக்கிறது. டேராடூன் இந்திய வனஉயிரின நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் (என்.சி.பி.எஸ்.) இரண்டிலும் நுழைவுத் தேர்வு உண்டு, இடங்கள் சொற்பம்.

அதற்கு முன்பே கையைப் பழக்குங்கள். பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்து, ஊர் ஏரிக்கரையில் 15 நிமிடம் நின்று, பார்த்த அத்தனையையும் எண்ணிக்கையோடு ஈபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். அரிய பறவையை மட்டும் பதிந்து காக்கையை விட்டால் அந்தப் பட்டியல் ஆய்வுக்கு அவ்வளவாக உதவாது.

காட்டில் முதலில் கொடுக்கப்படும் வேலை பெரும்பாலும் நேர்க்கோட்டுக் கணக்கெடுப்பு. விடியற்காலையில் இரண்டு கிலோமீட்டர், மெதுவாக, பேசாமல் நடக்க வேண்டும். புள்ளிமான் கூட்டம் தெரிந்ததா? முதலில் அது நின்ற இடம் வரை ரேஞ்ச்ஃபைண்டர் என்ற தூரம் அளக்கும் கருவியில் தூரம், பிறகு திசைகாட்டியில் கோணம், அப்புறம்தான் தலை எண்ணிக்கை. கூட்டமாக இருந்தால் அதன் நடுப்பகுதிக்கு அளக்க வேண்டும். தூரம் 40 மீட்டர், நீங்கள் நடக்கும் கோட்டிலிருந்து கோணம் 30 பாகை என்றால், கோட்டிலிருந்து விலங்குக்குச் செங்குத்துத் தூரம் 20 மீட்டர். ஒரு பரப்பில் எத்தனை விலங்குகள் என்ற அடர்த்தி இந்த எண்ணிலிருந்துதான் வரும்.

கெடுவதும் இங்கேதான். மான் ஓடி நின்ற இடத்தை அளப்பார்கள். தூரம் கூடிவிடுவதால், கணக்கில் விலங்குகள் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். தூரம் 18, 23 மீட்டர் என்று வந்ததை 20 ஆக்குவார்கள். முள்ளுக்குப் பயந்து ஒற்றையடிப் பாதையில் நடப்பார்கள். சில விலங்குகள் பாதையை விரும்பும், சில ஒதுங்கும், கணக்கு இரண்டு பக்கமும் சாயும். மாலையில் முகாமில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதுவது இவை எல்லாவற்றையும்விட மோசம். பென்சிலில் எழுதுங்கள், மழையில் பேனா மை கரைந்துவிடும். அன்றிரவே ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

புள்ளியியலைத் தள்ளிப்போடாதீர்கள். 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், கல்லூரியிலேயே பழகலாம்.

சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய மாநில முதன்மை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கலாம் என்பதால், ஆய்வுப் பருவம் தொடங்கும் முன்பே விண்ணப்பியுங்கள். சம்பளம்? நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. திட்டப் பணிகளில் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. நிதி முடிந்தால் வேலையும் முடியும். சேரும்போதே எத்தனை மாதம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.