உயரம் குறைந்தவருக்கு டிரைக்கைப் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாய்ந்து அமர்ந்து ஓட்டும் மூன்று சக்கர டிரைக்கில், சாதாரண சைக்கிளைப் போல இருக்கையை இறக்கினால் கால் எட்டிவிடாது. பல வண்டிகளில் இருக்கை அப்படியே இருக்க, பெடல்களைத் தாங்கும் முன்குழாயைத்தான் உள்ளே தள்ள வேண்டும். அண்ணன் ஓட்டிய வண்டியைத் தங்கைக்குத் தரும் வீடுகளில் ஆளின் உயரத்தைக் கேட்டே அளவு வைத்துவிடுகிறார்கள். தேவைப்படுவதோ கால் நீளம். சுவரில் இடுப்பை ஒட்டி, தரையில் கால் நீட்டி உட்காரச் செய்து, சுவரிலிருந்து உள்ளங்கால் வரை அளக்க வேண்டும். சுற்றும்போது பெடல் மிகத் தொலைவான இடத்துக்கு வருகையில் முழங்கால் சற்றே மடங்கியிருப்பது சரி. கால் விறைத்து நீண்டால் இடுப்பு ஆடி முழங்காலின் பின்புறம் வலிக்கும், அதிகம் மடங்கினால் முன்புறம் வலிக்கும்.

குழாயைத் தள்ளியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவது பெருந்தவறு. குழாய் 5 செ.மீ. உள்ளே போனால், மேலும் கீழும் ஓடும் செயின் ஏறத்தாழ 10 செ.மீ. தொய்ந்துவிடும். பின்புற கியர் மாற்றி அதை ஓரளவுதான் இழுத்துப் பிடிக்கும்; சிறு பல்சக்கரங்களுக்கு மாற்றியதும் தொங்கும் செயின், நம் ஊரின் அளவுகணக்கில்லாத வேகத்தடைகளில் உரசும். தொய்வைப் போக்கச் செயினின் கண்ணிகளை இணை இணையாகக் கழற்ற வேண்டும்; ஓர் இணையின் நீளம் 2.54 செ.மீ. இருக்கும். ஆனால் முன்னும் பின்னும் பெரிய பல்சக்கரங்களில் செயினை மாட்டி, விறைக்காமல் சுற்றுகிறதா என்று பார்க்காமல் கண்ணிகளைக் கழற்றினால், கியர் மாற்றியே முறியக்கூடும்.

குழாய் உள்ளே முட்டி நின்றுவிட்டால் கோவைக்காரருக்கு ஒரு சபலம் வரும்: லேத் பட்டறைகள் நிறைந்த ஊராயிற்றே, அறுத்துவிடலாம் என்று. அறுத்தபின் உயரமானவருக்காக மீண்டும் நீட்டினால், உள்ளே பிடித்திருக்க வேண்டிய குறைந்தபட்ச நீளம் எஞ்சாமல் போகலாம். அதற்கு முன் பெடலைத் தாங்கும் கையான 170 மி.மீ. கிராங்கை எடுத்துவிட்டு 155 அல்லது 150 மி.மீ. கிராங்கைப் போட்டுப் பார்ப்பதே நல்லது. பெடல் 15 முதல் 20 மி.மீ. அருகில் வருவதோடு முழங்காலும் குறைவாகவே மடங்கும்.

பலரும் மறப்பது குதிகாலை. முன்குழாய் குறுகியதும் குதிகால் முன்சக்கரங்களைத் தாங்கும் குறுக்குக் குழாயிலோ ஸ்டீயரிங் கம்பியிலோ இடிக்கக்கூடும் என்பதால், வழக்கமாக அணியும் காலணியோடு பெடலை மெல்லப் பின்னோக்கிச் சுற்றிப் பார்க்க வேண்டும். செருப்போடு ஓட்டவே கூடாது. வழுக்கிய கால் தரையைத் தொட்டால், ஓடும் வண்டி அதைக் குறுக்குக் குழாய்க்கு அடியில் இழுத்து எலும்பை முறித்துவிடக்கூடும். பெடலில் கால்பட்டை அவசியம்.

கடைசியாக, கிராங்க் அச்சு தரைக்கு இணையாக இருக்கும்படி குழாயை நிறுத்தி, கிளாம்பை இறுக்கி, விளிம்பில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பல்லடம் பக்கம் ஆடிக் காற்றை எதிர்த்து அழுத்தி மிதித்த பிறகு குழாய் நகர்ந்ததா, திருகியதா என்பதை அந்தக் கோடு காட்டிவிடும்.