கொங்குப் பக்கத்திலிருந்து வெளிநாட்டு அக்சிலரேட்டருக்குப் போவது எப்படி

முதலில் ஒன்றை முடிவு செய்துவிடுங்கள். உங்கள் பொருளுக்கு எந்த நாட்டில், எந்த மாதிரி ஆள் முதல் பில் போடப்போகிறார்? இதற்கு விடை இல்லாமல் அக்சிலரேட்டர் பட்டியலைத் திறந்து உட்கார்ந்தால், பெயர் கேள்விப்பட்ட எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போட்டு ஒரு வருஷம் ஓடிப்போகும். விடை இருந்தால் பட்டியல் தானாகவே நாலைந்துக்குச் சுருங்கிவிடும்.

அக்சிலரேட்டர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: இன்குபேட்டர் இடம் கொடுக்கும், லேப் கொடுக்கும், ஒன்றிரண்டு வருஷம் பொறுத்திருக்கும். அக்சிலரேட்டர் ஒரு கூட்டமாக ஆட்களைச் சேர்த்து, பெரும்பாலும் மூன்று மாதம் விரட்டு விரட்டென்று விரட்டி, கடைசியில் டிமோ டே என்ற நாளில் முதலீட்டாளர்கள் முன் மேடையேற்றும். சிலது பங்கு வாங்கிக்கொண்டு பணம் தரும், சிலது எதுவும் வாங்காது.

எல்லோருக்கும் இது தேவையும் இல்லை. கரூரில் பெட்ஷீட் தைக்கிறீர்கள், பொள்ளாச்சியில் தென்னை நார்க்கழிவைக் கட்டியாக்கி நெதர்லாந்து பசுமைக் குடில்காரர்களுக்கு அனுப்புகிறீர்கள், கோவையில் கிரைண்டரோ பம்போ செய்கிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது பையர்தான். டிமோ டேயில் பையர் கிடைக்க மாட்டார், கண்காட்சியில் கிடைப்பார். ஏஇபிசி (ஆயத்த ஆடை), இஇபிசி (பொறியியல் பொருள்) மாதிரியான ஏற்றுமதிக் கவுன்சிலில் உறுப்பினராகி, ஃபிராங்க்பர்ட்டுக்கோ துபாய்க்கோ ஸ்டால் போட்டு, பணம் வராமல் போனால் என்ன செய்வது என்ற பயத்துக்கு இசிஜிசி காப்பீடு எடுத்துக்கொண்டு போவது உத்தமம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஆப்பிரிக்காவில் போர்வெல் போட்டுக்கொண்டிருப்பதும் எந்த அக்சிலரேட்டர் வழியாகவும் இல்லை. சாப்ட்வேரில்கூடப் போகாமல் ஜெயித்தவர்கள் உண்டு. 2011-ல் தொடங்கிய கோவை.கோ, கோவையிலும் லண்டனிலும் அலுவலகம் வைத்து, வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்த கம்பெனி.

அக்சிலரேட்டர் யாருக்கு என்றால், புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துச் செய்துகொண்டிருப்பவர்களுக்கு, அதை நம்பி வாங்க அந்த ஊரில் தெரிந்த ஒருவர் கைகாட்ட வேண்டும் என்ற நிலைமையில் இருப்பவர்களுக்கு.

எந்த ப்ரோகிராம்

இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் தங்கள் கையில் இருக்கும் சீட்டைப் பார்க்காமல் விளையாடுகிறார்கள். திருப்பூர் சாயத் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யல் ஆறு கெட்டுப்போன வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பிறகு ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு என்று ஊரே மாற வேண்டியதாயிற்று: தண்ணீரை வடிகட்டும் ஆர்ஓ, அதற்குமேல் மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாப்பரேட்டர், மீட்ட தண்ணீரையும் உப்பையும் திரும்பச் சாயத்துக்கே அனுப்புவது என்று. இதற்கு ஆகும் கரண்ட், விறகுச் செலவு எவ்வளவு என்று சாயப்பட்டறைக்காரரைக் கேட்டால் அரைமணி நேரம் புலம்புவார். அந்தப் புலம்பலில் ஒரு வரியைக் குறைக்கிற கருவியோ ரசாயனமோ உங்களிடம் இருந்தால், அதை ஓட்டிப் பார்க்க நிஜப் பட்டறைகள் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவிலோ ஆம்ஸ்டர்டாமிலோ இருக்கும் போட்டியாளருக்கு அது கிடைக்காது.

அப்படிப்பட்டவர்கள் பார்க்க வேண்டியது தண்ணீர் தொழில்நுட்பத்துக்கென்றே இருக்கும் இமேஜின் எச்டூஓ, அப்புறம் 2017-ல் ஆம்ஸ்டர்டாமில் ஜவுளித் துறைக்கென்று தொடங்கிய ஃபேஷன் ஃபார் குட். பின்னதில் அடிடாஸ், சி அண்டு ஏ மாதிரி பிராண்டுகளே பங்காளிகள். திருப்பூரில் ஒருவர் வருஷக்கணக்கில் பையிங் ஏஜெண்டு வழியாக மட்டுமே பேசிய பிராண்டோடு, நேருக்கு நேர் உட்கார்ந்து பைலட் (சின்ன அளவில் ஓட்டிப் பார்ப்பது) பேசும் வாய்ப்பு அது. எச்அண்டுஎம் பவுண்டேஷன் 2015-ல் ஆரம்பித்த குளோபல் சேஞ்ச் அவார்டும் பங்கு வாங்காமல் பணம் தரும் போட்டிதான்.

பவுண்டரி, மோட்டார், சென்சார் என்று இரும்பைத் தொடுகிற வேலையென்றால் ஹேக்ஸ். சாப்ட்வேர் என்றால் ஒய் காம்பினேட்டர், டெக்ஸ்டார்ஸ், ஆண்ட்லர். பங்கு கொடுக்கவே மனசில்லை என்றால் கூகுள் ஃபார் ஸ்டார்ட்அப்ஸ் அக்சிலரேட்டரின் இந்தியப் பிரிவு, பாஸ்டனில் தொடங்கிய மாஸ்சேலஞ்ச். இன்னொரு வகை, ஒரு நாட்டு அரசே தன் ஊருக்கு ஆள் இழுக்க நடத்துவது: தென் கொரியாவின் கே-ஸ்டார்ட்அப் கிராண்ட் சேலஞ்ச், 2010-லிருந்து இருக்கும் ஸ்டார்ட்-அப் சிலி. இவை பங்கு கேட்காது, ஆனால் தங்கள் ஊரில் கம்பெனி பதிவதை எதிர்பார்க்கும். கொரியாவில் உங்களுக்குக் கஸ்டமர் இருக்க வாய்ப்பே இல்லையென்றால் சியோலைச் சுற்றிப் பார்த்ததுதான் மிச்சம்.

நுழைவுக் கட்டணம் கேட்கும் 'குளோபல்' ப்ரோகிராம்களைப் பற்றி என் கருத்து: ஒதுக்கிவிடுங்கள். உங்கள் வளர்ச்சியில் பங்கு வைத்திருப்பவருக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கும். ஐந்து நட்சத்திர ஹோட்டலில் விருது கொடுத்து ஜிஎஸ்டியோடு பில் அனுப்புகிறவருக்கு அந்த பில்மேல்தான் அக்கறை.

போகும் முன் இங்கே

நேராக அமெரிக்காவுக்குத் தாவாதீர்கள். கோவையில் பிஎஸ்ஜி ஸ்டெப் இருக்கிறது, சரவணம்பட்டிப் பக்கம் ஃபோர்ஜ் இருக்கிறது, விவசாயம் என்றால் வேளாண் பல்கலைக்கழகத்தின் இன்குபேட்டர், பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியின் டிபிஐ என்ற இன்குபேட்டர், திருப்பூரில் நிஃப்ட்-டீ வளாகத்தில் ஜவுளிக்கென்றே ஓர் அடல் இன்குபேஷன் மையம். மாதிரி செய்யும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் நிதி பிரயாஸ் திட்டத்தில் 10 லட்சம் வரை மானியம் உண்டு, பிஎஸ்ஜி ஸ்டெப் அதைத் தருகிற மையங்களில் ஒன்று. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நடத்தும் டான்சீட் என்ற தொடக்க நிதித் திட்டத்தில் 10 லட்சம், பசுமைத் தொழில்நுட்பம், கிராமப்புறம், பெண்கள் நடத்தும் கம்பெனி என்றால் 15 லட்சம், பதிலுக்குச் சின்னதாக ஒரு பங்கு. அவர்களுக்கு ஈரோட்டிலும் மண்டல மையம் உண்டு, எல்லாவற்றுக்கும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. வெளிநாட்டு ப்ரோகிராம்காரர் உங்கள் விண்ணப்பத்தில் தேடுவது, இதற்கு முன் யாராவது உங்களை நம்பிப் பணமோ இடமோ கொடுத்தார்களா என்பதைத்தான். இவை அந்தச் சான்று.

அடுத்தது காகிதம், நம் பக்கத்துப் பையன்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இதில்தான். அப்பா பெயரில் ப்ரொப்ரைட்டர்ஷிப் (தனி ஆள் தொழில்), அதற்குள்ளேயே மகன் ஒரு ஆப் செய்துகொண்டிருப்பார். ப்ரொப்ரைட்டர்ஷிப்புக்கு மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் கிடையாது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி, பதிவு செய்த பார்ட்னர்ஷிப் மாதிரியானவற்றுக்குத்தான். சரி, அப்பா கம்பெனியை இரண்டாகப் பிரித்து ஒன்றை ஸ்டார்ட்அப் என்று காட்டிவிடலாமா என்றால் அதுவும் முடியாது. ஏற்கெனவே இருக்கும் தொழிலைப் பிரித்தோ மாற்றியமைத்தோ உண்டாக்கியதை ஸ்டார்ட்அப்பாக ஏற்க மாட்டார்கள் என்று விதியிலேயே இருக்கிறது. புதிய பிரைவேட் லிமிடெட்டாக, சுத்தமாக ஆரம்பியுங்கள். அப்பா கம்பெனி அதற்கு முதல் கஸ்டமராக இருக்கட்டும், பில் போட்டு வாங்கட்டும். மெஷினை ஓசியில் பயன்படுத்துவது, டிசைன் அந்தக் கம்பெனி கம்ப்யூட்டரில் இருப்பது, சாப்ட்வேர் கோடு எழுதிய கல்லூரி நண்பர் எதிலும் கையெழுத்துப் போடாமல் பெங்களூரு போய்விட்டது, இதெல்லாம் முதலீட்டாளரின் வக்கீல் நோண்டும்போது ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பேட்டன்ட் எடுக்கும் யோசனை இருந்தால் மேடையேறும் முன் ப்ரொவிஷனல் (முதற்கட்ட) விண்ணப்பம் போட்டுவிடுங்கள். வெளியே காட்டிவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால் 'புதுசு' என்ற தகுதியே போய்விடலாம். இந்தியாவில் போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பிசிடி என்ற சர்வதேச பேட்டன்ட் ஒப்பந்தம் வழியாக மற்ற நாடுகளுக்கு நகர்த்தலாம். அங்கீகாரம் வாங்கிய ஸ்டார்ட்அப்புக்கு இங்கே பேட்டன்ட் கட்டணத்தில் 80 சதவீதம் தள்ளுபடி இருப்பதால் செலவைக் காரணமாகச் சொல்ல முடியாது.

விண்ணப்பம்

ஒய் காம்பினேட்டர் படிவத்தில் கம்பெனி என்ன செய்கிறது என்று 50 எழுத்துக்குள் சொல்லச் சொல்லி ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலானோர் அதில் 'ஜவுளித் துறைக்கான செயற்கை நுண்ணறிவுத் தீர்வு' என்கிற மாதிரி ஒன்றை ஆங்கிலத்தில் போடுவார்கள். படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி உடைந்தால் துணி நெடுகக் கோடு விழும், ஆபரேட்டர் வேறு மெஷினில் நூல் கட்டிக்கொண்டிருந்தால் அந்த ரோல் முழுக்க ஓடி முடிந்தபிறகுதான் தெரியும், சிலசமயம் சாயம் ஏறியபிறகு. நீங்கள் செய்வது அந்தக் கோட்டைக் கேமராவில் பார்த்த நிமிஷம் மெஷினை நிறுத்துவது. அதையே எழுதுங்கள்: துணி கெடும் முன் நிட்டிங் மெஷினை நிறுத்தும் கேமரா. அடுத்த கட்டத்தில் எத்தனை மெஷினில் மாட்டியிருக்கிறீர்கள், அதில் எத்தனை பேர் மாசாமாசம் காசு கொடுக்கிறார்கள். சொந்தக்காரர் கம்பெனியில் இலவசமாக மாட்டியதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

நேர்காணலுக்கு ஒய் காம்பினேட்டர் கொடுப்பது 10 நிமிஷம். படித்த காலேஜ், குடும்பத் தொழில், வாய்ப்புக்கு நன்றி என்று நம் மரியாதைப்படி ஆரம்பித்தால் மூன்று நிமிஷம் போய்விடும். இன்னொரு கொங்குப் பழக்கம், விலை என்ன என்று கேட்டால் "அதெல்லாம் பேசிக்கலாங்க" என்பது. இங்கே அது நாகரிகம், அங்கே அது விலை தெரியாதவர் பேச்சு. ஒரு மெஷினுக்கு மாதம் இத்தனை டாலர் என்று பட்டென்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

பங்கு

"ஏஞ்சாமி, பங்கைக் கொடுத்துட்டா அப்புறம் நம்மளதுன்னு என்ன இருக்குது?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், கணக்கோடு பதில் சொல்லுங்கள். ஒய் காம்பினேட்டர் தருவது மொத்தம் 5,00,000 டாலர். அதில் 1,25,000 டாலருக்கு 7 சதவீதப் பங்கு. மீதி 3,75,000 இப்போதைக்கு எந்த சதவீதமும் இல்லாமல் வரும். பின்னால் வரும் முதலீட்டாளர்களில் யாருக்கு நீங்கள் அதிகச் சலுகையான விலையில் பங்கு கொடுக்கிறீர்களோ, அதே விலையில் இதுவும் பங்காக மாறும். அடுத்தவர் உங்கள் கம்பெனிக்கு ஒன்றரைக் கோடி டாலர் மதிப்புப் போட்டு வந்தால் அது இன்னொரு 2.5 சதவீதம். ஆக, 7 என்று நினைத்தது 9.5. கிணற்றுப் பங்கு மாதிரிதான் இதுவும். பத்திரத்தில் எத்தனையில் ஒன்று என்று எழுதுகிறோமோ, அந்த முறைத் தண்ணீர் என்றைக்கும் அவர்களுக்குத்தான். அதனால் ஆரம்பத்திலேயே மாமா, சித்தப்பா, ஊர்ப் பெரியவர் என்று பத்து பேருக்கு இரண்டிரண்டு சதவீதம் கொடுத்துவைத்துவிட்டுப் போனால் அங்கே முகம் சுளிப்பார்கள். அவர்களிடம் வாங்கியதைக் கடனாக எழுதி வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுவது எல்லோருக்கும் நிம்மதி.

அடுத்து, தலைமைக் கம்பெனியை அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ பதியச் சொல்வார்கள். கஸ்டமர் அங்கே என்றால் பதியலாம். கஸ்டமர்களெல்லாம் இந்தியாவில் என்றால் பத்து தடவை யோசியுங்கள். ஒய் காம்பினேட்டரில் படித்து வெளியே போன குரோ என்ற முதலீட்டு ஆப் கம்பெனி, பிறகு அமெரிக்காவிலிருந்து கம்பெனியை இந்தியாவுக்கு மாற்றிக்கொண்டபோது ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் வரி கட்டியது. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஃபோன்பே விவகாரத்தில் முதலீட்டாளர்கள் கட்டிய வரி 8,000 கோடியை ஒட்டி. போவது சுலபம், திரும்புவதுதான் செலவு. வெளிநாட்டுக் கம்பெனியில் நீங்கள் பங்கு வாங்குவதை வங்கி வழியாக ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டுப் பணம் இந்தியக் கம்பெனிக்கு நேராக வந்தால், பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் எஃப்சி-ஜிபிஆர் என்ற படிவத்தை ரிசர்வ் வங்கியிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஜிஎஸ்டி மட்டும் பார்க்கிற ஆடிட்டருக்கு இது கைவராது. அவரை மாற்ற வேண்டாம், பெமா (அந்நியச் செலாவணிச் சட்டம்) தெரிந்த ஒருவரைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

போன இடத்தில்

மூன்று மாதம் நீங்கள் இல்லாமல் இங்கே யார் பார்ப்பது என்பதை டிக்கெட் போடும் முன் எழுதி வையுங்கள். இரண்டு பேர் ஆரம்பித்த கம்பெனி என்றால் முடிந்தவரை இரண்டு பேரும் போக வேண்டும் என்பார்கள், அப்போது சர்வீஸுக்கு நம்பிக்கையான ஒரு ஆள் இங்கே கண்டிப்பாகத் தேவை. அமெரிக்க விசா நேர்காணல் சென்னையில், தேதி கிடைக்கத் தாமதமாகும் காலங்கள் உண்டு, தேர்வான மறுநாளே அந்த வேலையைத் தொடங்குங்கள். போனபிறகு டிமோ டேக்கு ஸ்லைடு அழகுபடுத்துவதில் நாளைக் கழிக்காமல், ப்ரோகிராமில் உடன் இருப்பவர்கள், முன்பு அதை முடித்தவர்கள், வழிகாட்டிகள் என்று ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு அறிமுகம் கேளுங்கள்: இந்தப் பொருளை வாங்கும் அதிகாரம் உள்ள ஒரு ஆளின் பெயர். அவர்கள் சொல்லி அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதில் வரும். திருப்பூரிலிருந்து நீங்களாக அனுப்பும் நூறு மின்னஞ்சலுக்கு வராது.

முதல் பைலட்டை இலவசமாகக் கொடுக்காதீர்கள், குறைந்த விலையென்றாலும் பில் போடுங்கள். அதற்கு ஐஇ கோடு (ஏற்றுமதி இறக்குமதிக்கான பதிவு எண்) கையில் இருப்பது நல்லது, அதைத் தரும் டிஜிஎஃப்டி தளத்தில் 500 ரூபாய்தான், வருஷாவருஷம் ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் விவரத்தை உறுதிப்படுத்தாவிட்டால் முடங்கிவிடும். ஐஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி பில் போட எல்யுடி என்ற உறுதிமொழிக் கடிதம் வேண்டும். அது நிதியாண்டுக்கு ஒன்று என்பதால், ப்ரோகிராம் மார்ச்சைத் தாண்டுகிறதென்றால் கிளம்பும் முன்பே ஆடிட்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.