கிரஷர்காரர்கள் கூடி விலை வைத்தால் எங்கே முறையிடுவது?

தக்கலை அருகே ஹாலோ பிளாக் செய்து விற்பவன் நான். கல் உடைக்கும் ஆலையான கிரஷரில் கிடைக்கும் எம்-சாண்டும் (கல்லை அரைத்த மணல்) சிப்ஸும் (சிறு ஜல்லி) இல்லாமல் என் தொழில் ஒரு நாள்கூட ஓடாது. எல்லாக் கிரஷரிலும் ஒரே காலையில் யூனிட்டுக்கு ஒரே தொகை ஏறினால் எவ்வளவு எரிச்சல் வரும் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம். ஆனால், விலை ஒன்றுபோல் ஏறியது மட்டுமே குற்றமாகிவிடாது. டீசல், கனிமக் கட்டணம், களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போகும் லோடுகள் என்று அவர்களுக்கும் சொல்லக் காரணங்கள் இருக்கும். கூடிப் பேசித்தான் விலை வைத்தார்கள் என்பதற்கு உங்கள் கையில் ஆதாரம் வேண்டும்.

பில் இல்லாமல் லோடு இறக்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். நான்கைந்து கிரஷரின் பில்லும் எடைச் சீட்டும் தேதியோடு இருக்கட்டும். அதைவிட மதிப்புள்ளது கிரஷர்காரர்கள் சங்கத்தின் லெட்டர்பேடில் வரும் சுற்றறிக்கை. என் கைக்கு வந்த ஒன்றில், விலைப்பட்டியலுக்குக் கீழே, குறைத்து விற்கும் உறுப்பினர்மீது நடவடிக்கை உண்டு என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பட்டியலைவிட அந்த ஒரு வரிதான் பெரிய சாட்சி. வாட்ஸ்அப்பில் வந்தால், அனுப்பியவரின் எண்ணும் நேரமும் தெரியும்படி படம் பிடித்து வையுங்கள்.

மனு போக வேண்டிய இடம் டெல்லியிலுள்ள இந்தியப் போட்டி ஆணையம். கூட்டாக விலை வைப்பதை 2002ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடுக்கிறது. 19ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் மனுக் கொடுக்கலாம். தனிநபருக்குக் கட்டணம் 5,000 ரூபாய். 3 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். பெயரை வெளியிட வேண்டாம் என்று எழுத்தில் கேட்க இடமுண்டு. நாளைக்கும் அவர்களிடம்தானே லோடு எடுக்க வேண்டும், கூச்சப்படாமல் கேளுங்கள். முகாந்திரம் இருந்தால் ஆணையத்தின் தலைமை இயக்குநர் விசாரிப்பார்.

பொறுமை வேண்டும். கட்டுநர் சங்கம் கொடுத்த புகாரில் 2012இல் 11 சிமெண்ட் கம்பெனிகளுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தார்கள். அது மேல்முறையீட்டில் ரத்தாகி, 2016இல் மறுபடி விதிக்கப்பட்டு, 2018இல் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதிசெய்து, பிறகு உச்ச நீதிமன்றம் போனது. அபராதப் பணமும் அரசுக்குத்தான். நமக்கு நஷ்டஈடு வேண்டுமென்றால் அதே தீர்ப்பாயத்தில் தனி மனுப் போட வேண்டும்.

சிமெண்ட் மூட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு கடைக்காரர் கேட்டால் அதற்கெல்லாம் டெல்லி வேண்டாம். நாகர்கோவிலில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் பில்லோடு புகார் கொடுங்கள்.