ஏமாற்றிய இரண்டாம் பாகம்: ஓப்பன் வேர்ல்ட் ஷூட்டர் ரிவியூக்களை வாசிக்கும் முறை

ஓர் ஓப்பன் வேர்ல்ட் ஷூட்டரின் (பெரிய உலகில் இஷ்டம்போலச் சுற்றிச் சுடும் வீடியோ கேம்) இரண்டாம் பாகம் வந்து, ரிவியூவில் அடி வாங்கினால், கொஞ்ச நாளில் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கடைகள் பக்கம் அதன் டிஸ்க் மலிந்துவிடும். அப்போது எடுக்கலாமா விடலாமா என்பதை 100-க்கு எத்தனை என்ற ஓர் எண் சொல்லாது. என்ன குறை, அது பேட்ச் (வெளியான பின் இறக்கிப் போடும் திருத்தம்) போட்டுத் திருந்தும் குறையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எண்ணிலிருந்தே தொடங்குவோம். விமர்சகர்களின் புள்ளிகளைத் திரட்டிச் சராசரி தரும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 75-உம் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. எல்லா விமர்சகர்களுக்கும் அங்கே ஒரே எடை இல்லை. யாருக்கு எவ்வளவு என்பதையும் வெளியே சொல்வதில்லை. ஆகவே 68-க்கும் 71-க்கும் வித்தியாசம் பார்த்து மண்டையை உடைக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது மெஷின். ஒரே கேமுக்குப் பிசி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் என்று தனித்தனிப் புள்ளி உண்டு. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வந்தபோது விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கிடைத்தது பிசி பதிப்பு மட்டும். அந்தப் புள்ளியை நம்பிப் பிளேஸ்டேஷன் 4-இல் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது வேறொரு கேம் போல இருந்தது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்து எடுத்தது. ரிவியூ எந்த மெஷினில், எந்தத் திகதியில், எத்தனை மணி நேரம் ஆடி எழுதப்பட்டது என்பதை முதலில் தேடுங்கள். இவை இல்லாத ரிவியூவை மூடிவிடலாம்.

அடுத்து ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். ஐந்தாறு ரிவியூ வாசித்து, ஒவ்வொரு குறையையும் அதனதன் பத்தியில் எழுதுங்கள்.

முதல் பத்தி, இயந்திரக் கோளாறு: ஃபிரேம் விழுவது (படம் திக்கித் திக்கி ஓடுவது), உறைவது, சேவ் கெடுவது. 2016-இல் வந்த ஹோம்ஃபிரன்ட்: த ரெவல்யூஷன் இதற்கு நல்ல உதாரணம். கொன்சோலில் ஓட்டோசேவ் ஆகும்போது கேம் சில விநாடிகள் அப்படியே நின்றுவிடும். இப்படியானவை பெரும்பாலும் பேட்சில் சரியாகும். ஆறு மாதம் பொறுத்தவருக்கு இந்தப் பத்தியில் பாதி அடிபட்டுப் போகும்.

இரண்டாவது, விதிமுறைக் குறை: லெவல், லூட் (கைப்பற்றும் பொருள்), கடைக் காசு, எப்போதும் ஒன்லைனில் இருக்க வேண்டிய கட்டாயம். இதில்தான் கொஞ்சம் நிதானம் தேவை, ஏனென்றால் சில திருந்தும், சில திருந்தவே மாட்டா. 2019 ஒக்டோபரில் வந்த கோஸ்ட் ரீகன் பிரேக்பொயின்டைப் பாருங்கள். முந்திய வைல்ட்லேண்ட்ஸ் (2017) 70-ஐ ஒட்டிப் புள்ளி பெற்றிருக்க, பிளேஸ்டேஷன் 4-இல் இது 60-ஐக் கூடத் தொடவில்லை. ஒரே தோட்டா தலையில் பட்டால் ஆள் விழ வேண்டிய இராணுவக் கேமில் ஆயுதத்துக்கும் உடைக்கும் எண் போட்டுக் கூட்டும் கியர் ஸ்கோரைத் திணித்தார்கள். தனியாக ஆடுபவருக்குத் துணையாக முந்திய பாகத்தில் வந்த மூன்று கணினித் தோழர்களை எடுத்துவிட்டார்கள். மெய்க்காசுக்குப் பொருள் விற்றார்கள். அதே மாதம், கேமை வெளியிட்ட யூபிசொஃப்ட் தன் வருமான எதிர்பார்ப்பைக் குறைத்து, வேறு மூன்று கேம்களையும் தள்ளிப்போட்டது. பிறகு 2020 மார்ச்சில் கியர் ஸ்கோரை நிறுத்தி வைக்கும் வசதி வந்தது, ஜூலையில் தோழர்கள் திரும்பினார்கள். ஒன்லைன் கட்டாயம் மட்டும் அப்படியே இருக்கிறது. 2019-இன் ரிவியூவை இன்று வாசிப்பவர் கியர் ஸ்கோர், தோழர்கள் என்ற இரண்டு குறையை வெட்டிவிட்டு, ஒன்லைன் கட்டாயத்தைத் தடித்த கோடிட்டு வைக்க வேண்டும்.

மூன்றாவது, எலும்புக் குறை: உலகம் வெறுமை, ஒரே மிஷன் திரும்பத் திரும்ப, பழைய வரைபடமே மறுபடி. கிராக்டவுன் 2 (2010) முதல் பாகத்தின் அதே பசிபிக் சிட்டியைத் தூசி தட்டித் தந்தது. 83 பெற்ற முதல் பாகத்துக்குப் பின் 70-க்கு இறங்கியது. இதற்குப் பேட்ச் இல்லை. இந்தப் பத்தியில் மூன்று ரிவியூவாவது ஒரே குறையைச் சொன்னால், அரை விலைக்கும் வேண்டாம். ரேஜ் 2 (2019) போலச் சுடுவது அருமை, சுற்றியுள்ள உலகம்தான் வெறுமை என்று எழுதியிருந்தால் மட்டும் யோசிக்கலாம்: பக்க வேலைகளை விட்டுக் கதையை மட்டும் ஓடிமுடிப்பவருக்கு அது நல்ல கேம்.

பிசி கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் ஆடுபவர்கள் எழுதும் ரிவியூவுக்கும் இதே தாள்தான். 'அண்மைய' என்பது கடைசி 30 நாள். அதையும் மொத்தத்தையும் ஒப்பிடுங்கள். நல்ல ரிவியூ மொத்தத்தில் 55 வீதம், அண்மையதில் 80 வீதம் என்றால் முதல் இரண்டு பத்திகள் திருந்தியிருக்கக்கூடும். விளையாடிய நேரத்தை 15 மணிக்கு மேல் என்று வடிகட்டினால் மூன்றாவது பத்திக்கான சரக்கு கிடைக்கும். சலிப்பு முதல் 5 மணியில் தெரியாது. ரிவியூ எண்ணிக்கை வரைபடத்தில் திடீரென்று நீளும் சிவப்புத் தூணை அழுத்தி அந்த வாரத்து ரிவியூக்களை வாசியுங்கள். சிலவேளை அது கேமைப் பற்றிய கோபமாகவே இருக்காது.

கொழும்பில் இருப்பவருக்கு வெளிநாட்டு ரிவியூ சொல்லாத சில விசயங்கள் உண்டு. டிஸ்க்கில் பெரும்பாலும் இருப்பது பேட்ச் போடாத ஆரம்பப் பதிப்பு. திருந்திய கேம் வேண்டுமென்றால் பேட்சை இறக்க வேண்டும். 50 ஜிபி பேட்ச், 20 எம்பிபிஎஸ் வேகம் என்றால் ஐந்தரை மணி நேரம். பெக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அதற்கு ஒதுக்குங்கள். பிளேஸ்டேஷனுக்கு இலங்கைக்கென்று ஸ்டோர் இல்லாததால் கணக்கு வேறொரு நாட்டில் இருக்கும். டிஸ்க் ஒரு ரீஜியன் (விற்பனை வலயம்), கணக்கு இன்னொன்று என்றால் டிஎல்சி (தனியாக இறக்கும் கூடுதல் பகுதி) வேலை செய்யாது. கடையில் காசு கொடுக்க முன்னர் கேளுங்கள்: "நானா, இது எந்த ரீஜியன் டிஸ்க்? நெட் இல்லாம ஓடுமா?" சேர்வர் மூடினால் ஒன்லைன் கட்டாயமுள்ள டிஸ்க் வெறும் தட்டு. த க்ரூ கார் கேமுக்கு 2024 மார்ச் 31-இல் அதுதான் நடந்தது.

ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். அந்த நேரத்தைக் கதைக் காட்சிகளில் கரைக்க வேண்டாம். கேமைத் திறந்த பின் ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) தயாராகும் நிமிடங்களும் கணக்கில் சேரும். காட்சிகளைத் தாண்டி, திறந்த உலகம் வந்தவுடன் வாகனமெடுத்து ஆகவும் நெரிசலான ஊருக்குள் முழு வேகத்தில் ஓட்டுங்கள். அங்கே சண்டை ஒன்றைத் தொடங்கி ஃபிரேம் எண்ணைப் பாருங்கள். சேவ் செய்த இடத்தை ஒருமுறை திறந்து பாருங்கள், பிறகு ரவுட்டரை நிறுத்தி என்ன நடக்கிறதென்று பாருங்கள். 1 மணி 45 நிமிடத்தில் கேமை மூடித் தாளை எடுத்து வைத்து முடிவெடுங்கள்.